ஐந்து காலன்

நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் கூப்பிடுவது டீக்கடை பாய்லர்தான். செம்பு வயிறு, பித்தளைக் குழாய், அடியில் கரி, தலையில் ஒரு மூடி. தண்ணீர் கொதித்தால் மூடி தானாக ஆடும். ஆவி கிடைத்த இடுக்கில் வெளியேறிப் போய்விடும். அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனால் அதே பெயரில் இன்னொன்று நிற்கிறது. அது பல மாடி உயரம். அதன் உள்ளே லிக்னைட் எரிகிறது, சுவர் முழுக்கக் குழாய்கள், குழாய்க்குள் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஆவிக்கு இடுக்கு எதுவும் கிடையாது. அதற்குத் திறந்திருப்பது ஒரே வழி, டர்பைன்.

இரண்டுக்கும் பாய்லர் என்றுதான் பெயர். அரசாங்கக் கடிதத்திலும் செய்தித்தாளிலும் மட்டும் கொதிகலன். நல்ல சொல்தான். ஆனால் ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நெய்வேலிக்காரர் எவரும் 'கொதிகலனில் வேலை' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

டீக்கடைக்காரரிடம் எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பாய்லர் சர்டிபிகேட் கேட்பதில்லை. அனல்மின் நிலையத்தில் அது இல்லாமல் நெருப்பு மூட்டக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம். அதன்படி பாய்லர் என்பது மூடிய கலமாக இருக்க வேண்டும். அழுத்தத்தோடு நீராவி உண்டாக்குவதே அதன் வேலையாக இருக்க வேண்டும். கொள்ளளவு ஐந்து காலனுக்கு மேல் இருக்க வேண்டும். பிறகு மெட்ரிக் வந்தபோது அந்த ஐந்து காலன் 22.75 லிட்டர் ஆயிற்று. டீக்கடை பாய்லர் மூடிய கலமே அல்ல, ஆகவே தப்பித்தது. வீட்டுக் குக்கர் மூடிய கலம்தான், விசில் அடிக்கும் அளவுக்கு அழுத்தமும் உண்டு, ஆனால் ஐந்து காலன் இல்லை. அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு சரி.

கேலன் என்று இப்போது எழுதுகிறோம். பழைய பாடப் புத்தகங்களில் காலன் என்றே இருக்கும். ஐந்து காலன் என்று எழுதியதும் பாசக்கயிற்றோடு ஒருவர் வந்து நிற்கிறார் பாருங்கள். இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை அவர் வந்து நிற்பது பொருத்தம்தான். அவர் வந்து போன பிறகுதான் அது பிறந்தது.

1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பலர் இறந்தார்கள். ஹூக்ளிக் கரையில் சணல் ஆலைகளும் நீராவி எந்திரங்களும் பெருகிவந்த காலம் அது. பாய்லரின் குணம் புரிந்தால் அந்தக் காலத்து அச்சமும் புரியும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டாது. மூடி அழுத்தினால் தாண்டும், ஆனாலும் தண்ணீராகவே கிடக்கும். எங்கோ ஒரு தையல் விட்டு அழுத்தம் போனால், அத்தனை நேரமும் அடங்கிக் கிடந்த அந்தச் சூட்டுத் தண்ணீர் அதே நொடியில் ஆவியாகத் தாவும். தண்ணீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். அந்த இடத்தைச் சுவரை இடித்து எடுத்துக்கொள்ளும், கூரையைத் தூக்கி எடுத்துக்கொள்ளும். பாய்லர் வெடித்தால் அந்த ஆலைக்காரர் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டிய சமாசாரமாக அது நிற்பதில்லை, தெருவுக்கு வந்துவிடும்.

அடுத்த ஆண்டே, 1864-இல், வங்காள சபை ஒரு சட்டம் போட்டது. கல்கத்தா நகரிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் பாய்லர்களை அரசு ஆள் வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் பாய்லர் சட்டத்தின் பிள்ளையார் சுழி அதுதான்.

இதில் எனக்கு வியப்பு, தேதியில் இருக்கிறது. நீராவியை உலகத்துக்கு விற்ற இங்கிலாந்தில் அப்போது இப்படி ஒரு சட்டம் கிடையாது. மான்செஸ்டர் ஆலை முதலாளிகள் 1854-இல் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். சந்தா கட்டியவருடைய பாய்லரைச் சங்கத்தின் ஆள் வந்து பார்ப்பார். சந்தா கட்டாதவன் பாய்லர் அவன் பாடு. வெடித்த பிறகு விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது 1882-இல். வெடிப்பதற்கு முன்னால் ஆலை பாய்லர்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது 1901-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில்தான். ஊரில் முதலாளியின் சொத்துரிமைக்குள் மூக்கை நுழைக்கத் தயங்கிய அதே அரசு, கல்கத்தாவில் தயங்கவில்லை. காலனி ஆட்சி நமக்கு நல்லது செய்தது என்று இதைப் படிக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே யாரிடமும் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் கிடைத்த சட்டம் நல்ல சட்டம்.

கல்கத்தாவைப் பார்த்து மற்ற மாகாணங்களும் ஆளுக்கொரு சட்டம் எழுதின. 1920 வாக்கில் ஏழு சட்டங்கள், ஏழு விதித் தொகுப்புகள். ஒரு மாகாணத்தில் சரி என்று முத்திரை வாங்கிய பாய்லர் இன்னொரு மாகாணத்தில் தவறாகிவிடும். தகட்டின் கனத்துக்குக் கணக்கு ஒவ்வொரு ஊரிலும் வேறு. இதனால் நொந்துபோனவர்கள் பாய்லர் பக்கத்தில் நிற்கும் தொழிலாளிகள் அல்லர், பாய்லரை விற்பவர்களும் வாங்குபவர்களும்தான். அவர்கள் சத்தம் போட்டதும் காரியம் வேகமாக நடந்தது. 1920-இல் ஒரு குழு போட்டார்கள். 1921 மார்ச்சில் அறிக்கை வந்தது. மசோதாவையும் குழுவே எழுதிக் கொடுத்துவிட்டது. 1923-இல் சட்டம், 1924 ஜனவரி 1 முதல் அமல். ரயில் எஞ்சின் பாய்லர்களை இதிலிருந்து விலக்கி வைத்தார்கள். ரயில்வே தன் வீட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியிருக்கலாம்.

நாடு முழுவதற்கும் ஒரே தொழில்நுட்ப விதி எழுத 1937-இல் மத்தியக் கொதிகலன் வாரியம் அமைந்தது. அந்த வாரியத்தின் 1950-ஆம் ஆண்டு விதிகளைத்தான் பட்டறைகளில் 'ஐ.பி.ஆர்.' என்கிறார்கள். வால்வு வாங்கப் போனால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வியே 'ஐ.பி.ஆரா, சாதாவா?' என்பதாக இருக்கும். விலையில் வித்தியாசம் உண்டு. ஐ.பி.ஆர். சரக்கோடு ஒரு காகிதமும் வரும். திருச்சி திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை வந்த பிறகு அந்த வட்டாரப் பட்டறைகளில் இந்த மூன்றெழுத்து கிட்டத்தட்ட ஒரு சாதிச் சான்றிதழ் ஆகிவிட்டது. ஐ.பி.ஆர். வெல்டர் என்றால் தேர்வு எழுதித் தேறியவர். அவருக்குத் தனி மரியாதை, தனிக் கூலி.

காகிதம் என்றேன், சாதாரணக் காகிதம் இல்லை, ஜாதகம். தகடு எந்த ஆலையில் உருகியது, எந்த வெல்டர் ஒட்டினார், யார் பக்கத்தில் நின்று பார்த்தார், எத்தனை அழுத்தத்தில் சோதித்தார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். குழாய்க்கும் தனிப் படிவம் உண்டு. பதிவானதும் மாநிலத்தைக் குறிக்கும் எழுத்தோடு ஓர் எண் கிடைக்கும். அதைப் பாய்லரின் உடம்பிலேயே பொறிக்க வேண்டும். பொய் எண்ணைப் பொறித்தால் சிறைவரை போகலாம்.

சட்டம் பாய்லரோடு நிற்கவில்லை, குழாயையும் பிடித்துக்கொண்டது. இன்றைய கணக்கில் ஒரு சதுர செ.மீ.க்கு 3.5 கிலோவுக்கு மேல் அழுத்தத்தோடு நீராவி ஓடும் குழாய் எதுவானாலும் அது சட்டத்துக்குள் வரும். குழாய் 254 மி.மீ. உள்விட்டத்தைத் தாண்டினால் ஒரு கிலோ அழுத்தமே போதும். ஏன் குழாய்க்கு இத்தனை கெடுபிடி என்று அனல்மின் நிலையங்களில் பழகிய பழைய ஆட்களைக் கேட்டால் துடைப்பக் கதை சொல்வார்கள். 540 டிகிரிச் சூட்டில் ஓடும் உலர் நீராவி குழாயில் ஊசித் துளை வழியாகக் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாகப் புகைவது ஆவி குளிர்ந்த பிறகுதான். சத்தம் மட்டும் கேட்கும், இடம் தெரியாது. அப்போது ஒரு துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடப்பார்களாம். எந்த இடத்தில் துடைப்பம் வெட்டுப்படுகிறதோ அங்கே கசிவு. கை அந்த இடத்துக்கு முதலில் போயிருந்தால் வெட்டுப்படுவது கையாக இருக்கும்.

பரிசோதனை நாளும் பார்க்க வேண்டிய ஒன்று. பாய்லரை நிறுத்தி, ஆறவைத்து, கரி சுரண்டி, மேன்ஹோல்களைத் திறந்து வைத்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் டார்ச்சோடு உள்ளே போய்வருவார். தண்ணீர்ச் சோதனை என்றால் அதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது. காற்றுக் குமிழ்கூட மிஞ்சாமல் கலத்தைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். பிறகு பம்பு வைத்து ஏற்றவேண்டும், அதுவும் மெதுவாக. புதுப் பாய்லர் என்றால் ஓடப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. குறைந்தது பத்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். எங்கும் ஒழுகக் கூடாது, எதுவும் பிதுங்கக் கூடாது, ஒட்டு எதிலும் வியர்க்கக் கூடாது. தண்ணீரை வைத்துச் சோதிப்பதற்குக் காரணம், தண்ணீர் சுருங்காது. ஒட்டு விட்டால் கொஞ்சம் பீச்சும், முள் கீழே இறங்கும், யாருக்கும் ஆபத்தில்லை.

அந்த முள்ளைப் பற்றி ஒரு சேதி. ஒவ்வொரு பாய்லரிலும் அழுத்தம் காட்டும் கேஜ் இருக்கும். அது முதலாளியுடையது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேஜ் மாட்டுவதற்கு ஓர் இணைப்பும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அது இன்ஸ்பெக்டர் கொண்டுவரும் கேஜுக்காக. உன் முள் காட்டுவதை நான் நம்ப மாட்டேன் என்பதைப் பண்போடு சொல்லும் ஒரு சின்னத் திருகு அது. மொத்தச் சட்டத்திலும் எனக்குப் பிடித்த இடம் அந்தத் திருகுதான்.

இந்தச் சட்டம் நெய்வேலிக்கு வந்துசேர்ந்தது தனிக் கதை. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது லிக்னைட். 1956-இல் அதைத் தோண்டி எடுக்க ஒரு நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20-இல் நேரு வந்து தோண்டலைத் தொடங்கிவைத்தார். 1961-இல் லிக்னைட் கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு, 50 மெகாவாட், ஓடத் தொடங்கியது. அழுத்தம் என்பது அந்த ஊருக்கு அதற்கு முன்பே பழக்கம். லிக்னைட் படுகைக்கு அடியில் ஒரு நிலத்தடி நீர்த்தேக்கம் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ வரை அதன் அழுத்தம். பம்பு போட்டு இரவு பகலாக இறைத்து அதை அடக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே தூக்கிவிடும். நீராவிக் குழாய்க்குச் சட்டம் வைத்த வரம்பைவிட அதிக அழுத்தம் அந்த மண்ணுக்கடியில் சும்மா கிடக்கிறது.

லிக்னைட் கட்டி ஒன்று பூமியிலிருந்து வெளிப்பட்டு மின்சாரமாகும் வரை எத்தனை அதிகாரிகள் கை மாறுகிறது என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுரங்கத்துக்குள் இருக்கும்வரை அது அப்போது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் பொறுப்பாக இருந்தது. பார்ப்பவர் மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்து ஆள், தலைமையகம் தன்பாத்தில். கன்வேயரில் ஏறி மின் நிலையத்துக்குள் நுழைந்ததும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பொறுப்பேற்றது, பார்ப்பவர் மாநில அரசின் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி. எரிந்து பக்கத்திலிருக்கும் தண்ணீரை ஆவியாக்கியதும் பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார், அவரும் மாநிலத்தவர். ஆவி டர்பைனைச் சுற்றி மின்சாரமாகிவிட்டால் மின் ஆய்வாளர். அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் பாய்லருக்கு எண் 37, மின்சாரத்துக்கு 38. பக்கத்து வீடு, ஆனால் வேறு வேறு சாவி. 2020-இல் நாடாளுமன்றம் சுரங்கச் சட்டத்தையும் தொழிற்சாலைச் சட்டத்தையும் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒன்றுக்குள் அடக்கியது. பாய்லர் அதில் சேரவில்லை, இன்றும் தனிக்குடித்தனம்தான்.

இத்தனை பேருக்கும் யார் சம்பளம் கொடுப்பது? பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தக் கேள்விக்கு வரும்போது கொஞ்சம் நெளிவார்கள். பாய்லர் சட்டம் நெளியவில்லை. பாய்லர் யாருடையதோ அவரே கட்டணம் கட்ட வேண்டும். எவ்வளவு என்பது பாய்லருக்குள் சூடு படும் பரப்பைப் பொறுத்தது, சதுர மீட்டர் கணக்கு. கட்டணத்தோடு விண்ணப்பம் போனால்தான் இன்ஸ்பெக்டர் வருவார். சாதாரணமாகப் பன்னிரண்டு மாதம் செல்லும் சர்டிபிகேட் கிடைக்கும்.

அமெரிக்காவில் எரிவாயுக் குழாய்களுக்கும் பிறகு இதே யோசனை வந்தது. 1965 மார்ச் 4 அன்று லூசியானா மாநிலத்தில் நாக்கிடிஷ் ஊருக்கருகே வாயுக் குழாய் வெடித்து 17 பேர் இறந்தார்கள். 1968-இல் குழாய்ப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்தது. 1986 முதல் குழாய் நிறுவனங்களிடமே மைல் கணக்கில் கட்டணம் வாங்கி ஆய்வுச் செலவை நடத்துகிறார்கள். அங்கே மைல், இங்கே சதுர மீட்டர். நம் நாட்டு வாயுக் குழாய்களோ வேறு வழியில் போயின. 1962-ஆம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் நிலத்துக்கடியில் குழாய் போடும் உரிமையைப் பற்றித்தான் அதிகம் பேசியது. பாதுகாப்புத் தர விதி எழுத ஓர் ஒழுங்குமுறை வாரியம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. வந்தும், 2014 ஜூன் 27 விடிகாலையில் ஆந்திராவில் நகரம் என்ற பெயருடைய கிராமத்தில் அரித்துப்போன குழாயிலிருந்து வாயு கசிந்து தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உறக்கத்திலிருந்து எழ முடியாமலே போனார்கள்.

பாய்லர்காரர் கட்டும் கட்டணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. கருவூலத்துக்குள் போன ரூபாய்க்கு நினைவு கிடையாது. அது இன்னொரு இன்ஸ்பெக்டரை நியமிக்கத் திரும்பி வரலாம், வேறு எதற்கோ போகலாம். தண்டனைப் பக்கம் இன்னும் மோசம். சர்டிபிகேட் இல்லாமல் பாய்லரை ஓட்டினால் 1923-இல் வைத்த அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய், விடாமல் ஓட்டினால் நாளொன்றுக்கு 100. அன்றைக்கு அது கனமான தொகைதான். அந்தத் தொகை 2007 வரை மாறவில்லை. எண்பது ஆண்டுகளுக்கும் மேல். அதற்குள் பாய்லர் எங்கோ போய்விட்டது, ரூபாய் வேறெங்கோ போய்விட்டது, 500 மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. 2007 திருத்தம் அதை ஒரு லட்சமாக்கியது.

அதே திருத்தம் இன்னொரு கதவையும் திறந்தது. அரசு இன்ஸ்பெக்டர்தான் வரவேண்டும் என்பதில்லை, அங்கீகாரம் பெற்ற தனியார் 'தகுதி பெற்ற நபர்' வந்தும் சான்று தரலாம். ஆள் பற்றாக்குறை உண்மை, காத்திருப்பும் உண்மை, ஆகவே இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் கட்டணம் இப்போது கருவூலத்தைச் சுற்றாமல் நேரே சோதிப்பவர் கைக்குப் போகிறது. யாரை அழைப்பது என்பதைச் சோதிக்கப்படுபவர் தீர்மானிக்கிறார். அந்தத் திருகு ஞாபகம் இருக்கிறதா? உன் முள்ளை நம்ப மாட்டேன் என்று தன் கேஜை மாட்டியவர், அடுத்த ஆண்டும் அதே வீட்டு அழைப்புக்குக் காத்திருக்க நேர்ந்தால் திருகை எவ்வளவு இறுக்கமாகத் திருகுவார்? நேர்மையாளர்கள் நிறைய இருப்பார்கள். விதி என்பது அவர்களுக்காக எழுதப்படுவதில்லை.

இனி 2020. அந்த ஆண்டு மே 7 விடிகாலையில் விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்தது. நாடே அதைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாள் மாலையில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது அலகில் விபத்து. எட்டுப் பேர் காயமடைந்தார்கள், அவர்களில் ஐவர் பிழைக்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 காலை, அதே நிலையம், பக்கத்திலேயே ஐந்தாவது அலகு. ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள், பதினேழு பேர் காயம். சென்னை மருத்துவமனையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தி வந்து எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. அதிகம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலமாக ஐந்து கோடி ரூபாய் கட்டச் சொன்னது. இறந்தவர் குடும்பங்களுக்கு 30 லட்சம் என்று அறிவிப்பு வந்தது.

எல்லாப் பத்திரிகையிலும் தலைப்பு ஒன்றுதான், 'கொதிகலன் வெடித்து'. ஆனால் ஜூலை 1 விபத்தின்போது அந்தப் பாய்லர் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்று அன்றே அதிகாரிகள் சொன்னார்கள். முந்தைய நாள் நிறுத்தி, மறுபடி ஓட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. ஓடாத பாய்லரில் கல்கத்தாக்காரர்கள் பயந்த அந்த அழுத்தம் ஏது? ஆட்களைச் சுட்டது தீ. பாய்லருக்கு இரண்டு பக்கம் உண்டு. குழாய்க்கு உள்ளே தண்ணீரும் ஆவியும், குழாய்க்கு வெளியே நெருப்பும் சாம்பலும். நெய்வேலி லிக்னைட் தோண்டும்போது பாதி எடை ஈரம். ஈரம் போனபின் கிடக்கவிட்டால் தானே கனன்று பற்றிக்கொள்ளும் சுபாவம். அதன் குவியலில் அதற்காகவே தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். 2017 நவம்பர் 1-இல் உத்தரப்பிரதேசத்தின் ஊஞ்சாகாரில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற விபத்தும் இந்த வெளிப்பக்கத்தில் நடந்ததுதான். உலைக்குள் சாம்பல் கட்டிகட்டியாய் அடைத்துக்கொண்டு நின்றதையே அப்போது எல்லோரும் பேசினார்கள்.

பாய்லர் சட்டத்தைத் திறந்து 'விபத்து' என்பதற்கு அது தரும் பொருளைப் பாருங்கள். பாய்லரோ அதன் உறுப்போ வெடிப்பது, அல்லது கட்டுமீறித் தண்ணீரோ நீராவியோ வெளியேறி ஆளுக்கோ பொருளுக்கோ கேடு வருவது. தண்ணீர், நீராவி. 1863-இன் பயம் அப்படியே நிற்கிறது. குழாயின் உள்பக்கத்தைப் பார்க்க ஜாதகம், படிவம், ஒன்றரை மடங்குச் சோதனை, தனி கேஜ் எல்லாம் உண்டு. வெளிப்பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்பவரைப் பார்ப்பது வேறொரு அதிகாரி, வேறொரு சட்டம், வேறொரு நாள். பாய்லர் இன்ஸ்பெக்டர் தன் வேலையைப் பழுதில்லாமல் செய்து முடித்த ஒரு பாய்லரின் பக்கத்திலேயே அந்த மண்வெட்டிக்காரர் எரிந்து போகலாம். எந்தக் காகிதத்திலும் தவறு இருக்காது.

2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்தது. நூறாண்டுச் சட்டம் விடைபெற்றது. பழைய பிரிவுகளில் பெரும்பாலானவற்றை ஒழுங்கு மாற்றி அடுக்கி, மொழியைத் திருத்தி, ஏழு குற்றங்களில் உயிருக்கும் சொத்துக்கும் சேதம் வரக்கூடிய நான்குக்கு மட்டும் குற்றவியல் தண்டனையை வைத்துக்கொண்டு, மற்றதற்கு அபராதம் என்று ஆக்கினார்கள். தொழில் செய்வதை எளிதாக்க என்றார்கள். தொழிலாளர் பாதுகாப்புக்கு என்றும் சொன்னார்கள். விதிமுறை எழுதும் அதிகாரம் மறுபடியும் அந்த மத்திய வாரியத்துக்குத்தான்.

வாரியத்தில் யார் யார் என்று பார்த்தால் கதை இன்னும் கொஞ்சம் விளங்கும். ஒவ்வொரு மாநிலமும் ஒரு மூத்த தொழில்நுட்ப அதிகாரியை அனுப்பலாம். அவர்களோடு மத்திய அரசு, தர நிர்ணய அமைப்பு, பாய்லர் செய்பவர்கள், தேசிய ஆய்வகங்கள், பொறியியல் ஆலோசகர்கள், பாய்லர் பயன்படுத்துவோர் ஆகியோரின் பிரதிநிதிகள் என்று 2007 திருத்தம் பட்டியல் போட்டது. பயன்படுத்துவோர் என்றால் நிர்வாகம். கடைசியில் 'மத்திய அரசு தக்கதெனக் கருதும் பிற தரப்பு' என்று ஒரு வரி. பாய்லருக்குள் தவழ்ந்து போகிறவர், சாம்பல் வாருகிறவர், அலகு நின்றதும் முதலில் கூப்பிடப்படுகிறவர் யாரும் அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை.

தமிழ்நாட்டுக்கு அந்த வாரியத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் போய் உட்காரும் அதிகாரிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு காகிதம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்று, உலையின் நெருப்புப் பக்கத்தையும் எரிபொருள் வழியையும் பாய்லர் ஆய்வுக்குள் கொண்டுவரும் விதி. இன்னொன்று, 'பிற தரப்பு' என்ற அந்த வரியில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை உட்காரவைக்கும் தீர்மானம். ஆள் தேட அலைய வேண்டாம். ஷிப்ட் விடும் நேரத்தில் ஆர்ச் கேட் டீக்கடையில் நின்றால் போதும்.